சோபாவுக்கு மேலே தோலுனாயின் முகம்

அஜார்குல் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் கடையில். ஓடும் குதிரைகள் படத்துக்கும் ஓநாய் படத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு அழுதாள். சத்தமில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம், அதில் பென்சிலால் 210 என்று எழுதியிருந்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கக்கூட இல்லை. கம்பளிச் சட்டையில் கலர் கலராக நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் தையல் பட்டறையில் வேலை செய்கிறவள் என்று தெரிந்துகொண்டேன்.

தலைநகர் பிஷ்கேக்கில் கட்டடச் சாமான் விற்கும் சந்தையில், கதவு நிலைகள் வரிசை முடிகிற இடத்தில், சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி இரண்டை ஒட்டிப்போட்டுக் கடையாக்கியிருந்தார் எங்கள் முதலாளி குபாத். சுவர்ப் படங்கள் மட்டும்தான் வியாபாரம். அளவெடுப்பது, துணியில் அச்சடிப்பது, சட்டம் போடுவது, வீட்டுக்குப் போய் மாட்டுவது எல்லாம் நான். நான் உள் அலங்காரம் படித்தவன். மலைப்பக்கத்து ஊரான அத்-பஷியில் குதிரை மேய்ப்பவரின் மகன், எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. என் பட்டத்தின் நகலைக் குபாத் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். வாடிக்கையாளர் பேரம் பேசினால் அதைக் காட்டுவார்.

"என்னம்மா, குதிரை உதைச்சிடுச்சா?" என்றார் குபாத்.

அக்கா சிரித்தாள், அழுகை நிற்காமலேயே. "சோபாவுக்கு மேல மாட்டணும். சோபா எரநூத்திப் பத்து செண்டிமீட்டர். எத மாட்டலாம்?"

"எது பிடிக்குதோ அத. புருஷன் வந்தா குதிரைம்பான், பொண்டாட்டி பூம்பா, மாமியா வந்தா வேத வசனம் எழுதினது கேப்பா. மூணு பேரும் சேந்து வந்தா ஏரிப் படந்தான் போவும். நீங்க யாரு?"

"நான் ஒருத்திதான். அழகா இருக்க வேணாம். வீடு மாதிரி இருக்கணும்."

குபாத் அளவு நாடாவை எடுத்து நீட்டினார். என்னைப் பார்த்து, "போய் அளவெடுத்துட்டு வாடா" என்றார்.

ஐந்து மாடிப் பழைய கட்டடம், ஐந்தாவது மாடி. இரண்டு அறை. தனியாள் ஒருத்திக்கு எதற்கு இரண்டு அறை என்று படியேறும்போதே நினைத்தேன். சின்ன அறையைத் திறந்து காட்டினாள். ஜன்னலோரம் மேசை, மேசை விளக்கு, பூப்போட்ட போர்வை விரித்த ஒற்றைக் கட்டில். யாரும் படுத்த அடையாளமே இல்லை.

"இது என் பொண்ணுக்கு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பொண்ணுன்னு நான் சொல்லிக்கக் கூடாது" என்றாள்.

நான் கூடத்துச் சுவரை அளந்துகொண்டிருக்க, அவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து சொன்னாள். பிள்ளையில்லாத அண்ணன் வீட்டுக்குத் தம்பி வீட்டுப் பிள்ளையைக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. கேட்பார்கள், கொடுப்பார்கள், அதோடு முடிந்தது. உல்கான் அக்காவின் கணவனுடைய அண்ணன் மனைவி. அந்த ஓரகத்திக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. அக்காவுக்குத் தோலுனாய் பிறந்தபோது பெரியவர்கள் வந்து கேட்டார்கள்.

"நாப்பதாம் நாள் நாப்பது கரண்டித் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டினாங்க தம்பி. தலை காயறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. உனக்கென்ன, வயசிருக்கு, அடுத்த வருஷம் இன்னொண்ணு பெத்துக்கன்னாங்க. அடுத்த வருஷம் எம் புருஷன் ரஷ்யாவுக்குப் போனான். அங்கயே வேற ஒருத்தியோட இருந்துட்டான். எனக்கு அடுத்தது வரவேயில்ல."

"அப்புறம் பாக்கவே இல்லையா?"

"நாரின்ல அவங்க வீட்டுக்கு வருஷத்துல ரெண்டு வாட்டி போவேன். சித்தின்னு கூப்புடும். கன்னத்தக் காட்டும். எம் மடியில ஒக்காந்தா உல்கான் அக்கா ஏதாச்சும் வேல சொல்லிக் கூப்புட்டுடுவா. நான் குத்தம் சொல்லல. நானா இருந்தாலும் கூப்புடுவேன்."

பிள்ளைக்குப் பதினோரு வயது. உல்கானின் கணவர் ஏற்கெனவே ரஷ்யாவில் யெகாதெரின்புர்க் போய் ஒரு கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். உல்கானும் ஆகஸ்டில் போக வேண்டும். அங்கே ஒரே அறையில் ஐந்து பேர். பிள்ளைக்கு ரஷ்ய மொழியும் சரியாக வராது. அதனால் உல்கான் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "வந்து வீட்டப் பாக்கறேன் அஜார். ஒரு பிள்ள வளர்ற வீடா இருந்தா ரெண்டு வருஷம் உங்கிட்ட விட்டுட்டுப் போறேன். இல்லன்னா என்னோட கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். காகிதத்தில் தோலுனாய் உல்கானின் மகள். கோர்ட்டுக்குப் போக வழியில்லை, பெரியவர்களிடம் முறையிடவும் வழியில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா இரண்டு அறை வீடு பிடித்தாள். இரண்டு ஷிப்ட் தைத்தாள். பழைய சோபா வாங்கி உறை தானே தைத்துப் போட்டாள். மிச்சம் இருந்தது சுவர் மட்டும்.

மோசமான சுவர். வீட்டுக்காரம்மா நாற்பது வருடம் அங்கே ஒரு கம்பளம் மாட்டி வைத்திருந்தாள். குடிவருகிறவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று சுருட்டி எடுத்துப் போய்விட்டாள். கம்பளம் இருந்த இடத்தில் சுவர்க் காகிதம் பளிச்சென்று, சுற்றிலும் வெளுத்துப்போய், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கிடந்தது.

"வேற கம்பளமே மாட்டிடலாமே அக்கா?"

"உல்கான் அக்கா சிரிப்பா. ஊர்ல இருக்கறதத்தான் இங்கயும் மாட்டியிருக்கியாம்பா. பட்டணத்துல படிக்கட்டும்னுதானே விடறா. பட்டணத்து வீடா இருக்கணும்."

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவள் தினமும் கடைக்கு வந்தாள். குதிரையைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் வேண்டாம் என்றாள். "குதிரையப் பாத்தா அதோட அப்பன் ஞாபகம் வருது." ஏரி வேண்டாம், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வெள்ளை அல்லிப்பூ மூன்று துண்டாக வருமே, அதைச் சோபா நீளத்துக்குத் தரையில் அடுக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பல் டாக்டர் வீட்டு வாசல் மாதிரி இருக்கு" என்றாள். பாரிஸ் கோபுரத்தின் முன்னால் நின்று, "நான் யார ஏமாத்தறது?" என்றாள். ஒவ்வொன்றிலும் உல்கானின் கண்ணால் ஏதாவது குறை கண்டுபிடித்தாள்.

"இந்தம்மா படம் வாங்க வரல, படம் பாக்க வருது. நாளைலேருந்து டிக்கெட் போடு" என்றார் குபாத், அவள் போனதும்.

ஒரு நாள் மாலை அவள் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. பெட்டியின் சுவரில் சாய்ந்து நின்றவள், "தப்பான படத்த மாட்டிட்டேன்னா பிள்ள போயிடும் தம்பி. ஒரு படத்துக்காகப் போயிடும்" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. கைப்பேசியை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பள்ளி திறந்த நாளில் எடுத்த தோலுனாயின் படம். இரண்டு பின்னல், இரண்டிலும் முட்டைக்கோசு அளவுக்கு வெள்ளை நாடாப் பூ, வெள்ளை முன்துணி. சிரிக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன். சொன்னவன் நான், வேறு யாரும் இல்லை.

"குதிரையும் பூவும் எதுக்கு அக்கா? இதையே பெருசாப் போடலாம். வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் அந்தப் பிள்ளைக்கே தெரியும், இது நம்ம வீடுன்னு."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ நான் அந்தக் குழந்தையையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டது போல. "அப்படிப் போடலாமா?" என்றாள். "பதினோரு வருஷமா நான் இத கையகலத்துலதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"போடலாம். இப்ப எல்லா நாட்டுலயும் அப்படித்தான்."

படம் பலர் கைப்பேசி மாறி வந்ததால் தரம் குறைந்திருந்தது. பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது, தோல் பச்சையடித்தது. இந்த மாதிரிப் படத்தை மீட்க ஒரு வழி உண்டு. நிறத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையாக்கினால் குறை தெரியாது. அப்படியே செய்தேன். பின்னணியில் இருந்த பள்ளிச் சுவரையும் இருட்டாக்கினேன். முகமும் இரண்டு வெள்ளைப் பூவும் மட்டும் தனியாக எழுந்து நின்றன. சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நாங்கள் படித்த கணக்கு, எனவே நூற்று நாற்பது செண்டிமீட்டர். அந்த அளவுக்குக் கையிருப்பில் இருந்தது கருப்புச் சட்டம் ஒன்றுதான். முடித்து நிறுத்தியபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. கண்காட்சியில் வைக்கிற வேலை அது.

குபாத் மட்டும் தாடையைச் சொறிந்தார். "என்னமோ மாதிரி இருக்குடா" என்றார். "உங்க கண்ணுக்கு ஓநாய்தான் அழகு" என்றேன் நான். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மை காய நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைதான் மாட்டப் போனேன். உல்கானும் பிள்ளையும் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. வீடு முழுக்க வேகும் இறைச்சி வாசனை. கறியோடு மெல்லிய மாவுத் துண்டுகள் சேர்த்துச் செய்யும் பெஷ்பர்மாக்குக்குத் திரட்டிய மாவு மேசை மேல் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் தாழ்ந்த மேசை போட்டு, சோபா நடுவில் மட்டும் ஒரு புது மெத்தை விரித்திருந்தாள். உல்கான் உட்கார வேண்டிய இடம். வாசலுக்கு எதிரே, படத்துக்கு நேர் கீழே.

கான்கிரீட் சுவர். டிரில் போட்டதும் கீழ்வீட்டுக் கிழவர் மாடிக்கு மாடி ஓடும் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழமகூட மனுசனத் தூங்க விடமாட்டீங்களா!"

அக்கா குழாயோரம் குனிந்து கத்தினாள். "இன்னும் ரெண்டே ஓட்டை! எம் பொண்ணு வர்றா!"

தட்டல் நின்றது. கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது போல. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு ஓட்டை, நான்கு பிளக், நான்கு திருகு. சட்டத்தைத் தொங்கவிடாமல் சுவரோடு சேர்த்தே இறுக்கினேன், எங்கள் ஊரில் நிலநடுக்கம் வரும் போகும் என்பதால். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழ் சரியாக நடுவில் நின்றது.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"கண்ணு என்னையே பாக்குது தம்பி."

"நல்ல படம்னா அப்படித்தான்."

"கலர்ல போட்டிருக்கலாமோ?"

"கருப்பு வெள்ளதான் அக்கா கௌரவம்."

அவள் சோபா மேல் முட்டி போட்டு ஏறி, விரலின் பின்பக்கத்தால் படத்தின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு இறங்கி மெத்தையை நீவிவிட்டாள். "படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். என்னைப் போக விடவில்லை. "சாப்புட்டுட்டுப் போ. எம் பக்கம் ஒரு ஆளும் இல்லாம நிக்கறது நல்லாருக்காது. ஊர்த் தம்பின்னு சொல்லிக்கறேன்."

நாரினிலிருந்து வாடகைக் கார் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டதாம். பன்னிரண்டு மணிக்கே வாசல் மணி அடித்தது.

"ஏம்மா, ஆகாசத்துலயா குடியிருக்க?" வெள்ளைத் தலைத்துணி, பெரிய உடம்பு, மூச்சு வாங்க உள்ளே வந்தாள் உல்கான். கையில் குதிரை இறைச்சி, காய்ந்த தயிர் உருண்டை என்று இரண்டு பை. பின்னால் தோலுனாய். படத்தில் இருந்ததைவிட ஒரு தலை உயரம், நாடாப் பூ இல்லை, மூக்கு நுனியில் வெயிலில் உரிந்த தோல். "சித்தி" என்று கன்னத்தைக் காட்டியது. அக்கா முத்தம் கொடுத்தாள். ஒன்றுதான் கொடுத்தாள். எண்ணிக் கொடுத்த மாதிரி இருந்தது.

"இது யாரு?"

"ஊர்த் தம்பி. பட்டம் வாங்கினவன்."

"ஓகோ" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உல்கான் வீட்டைச் சுற்றினாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள். குளியலறையில் தட்டிப் பார்த்தாள். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். "அஞ்சாம் மாடி. ஜன்னலுக்குக் கம்பி போடு. இதுக்குக் காத்து வேணும், தெறந்துக்கிட்டே நிக்கும்."

"போட்டுடறேன் அக்கா. நாளைக்கே."

சின்ன அறையில் மேசையைப் பார்த்துத் தலையாட்டினாள். "வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வருது. யோசிச்சுத்தான் வச்சிருக்க." தோலுனாய் கட்டிலில் உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தது. "அம்மா, மேல கீழ போவுது!" உல்கான் சிரித்தாள். "ஒடைச்சிடாத, சித்திக்கு வேற கட்டில் கெடையாது."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷம் எல்லாம் முடிந்துவிட்டது, கிடைத்துவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

"வாங்க அக்கா, உள்ள வந்து ஒக்காருங்க. டீ ஊத்தறேன்."

உல்கான் கூடத்து வாசலில் கால் வைத்தாள். நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள். பிள்ளை பின்னால் கட்டிலில் இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.

அவள் முகம் மாறியது. கோபமில்லை. இழவு வீட்டு வாசலில் வரும் அந்த அடக்கம். தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஏந்தினாள். உதடு அசைந்தது. செத்தவர்களுக்காக ஓதும் வசனம். யார் வீட்டுப் பிள்ளையோ, சின்ன வயதிலேயே போய்விட்டதே என்று, எங்கள் ஊர்ப்பக்கம் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவள் செய்தாள். கருப்புச் சட்டத்துக்குள் தனி ஆளாக ஒரு முகத்தைப் பெரிதாக்கி உள்சுவரில் மாட்டினால் அது போனவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்கள் கும்பலாக, கலரில், சின்னச் சட்டத்தில் இருப்பார்கள். என் சொந்த வீட்டில், பனிச்சரிவில் போன சித்தப்பா அப்படித்தான் இருக்கிறார். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் நான் எழுதப் படிக்கக் கற்றேன். எனக்கு ஞாபகம் வரவேயில்லை. அக்காவுக்கும் வரவில்லை. அவளுக்கு அந்த முகம் பெரிதாக வேண்டியிருந்தது. எனக்கு என் கணக்கு சரியாக வர வேண்டியிருந்தது.

ஓதிக்கொண்டே உல்கான் படத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஏந்திய கை பாதியில் நின்றது.

கட்டிலிலிருந்து இறங்கி வந்த தோலுனாய் அவள் இடுப்பருகே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தது. "அம்மா, அது நான்தான்!"

உல்கான் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தி மூடினாள். கெட்டது அண்டாமலிருக்கத் தோளுக்கு மேல் மூன்று முறை துப்பினாள்.

"நான் யாருக்கு ஓதினேன்? அஜார், நான் இப்ப யாருக்கு ஓதினேன்?"

"அக்கா, அது சும்மா படம்..."

"மூணு பேருக்கு ஓதினேன். இந்த வாயால. மூணு பேருக்கு. போதாதா உனக்கு? நாலாவதையும் ஓத வச்சுட்டியே!"

"நான்தான் போடச் சொன்னேன். அக்கா மேல தப்பு இல்ல" என்று நான் முன்னால் போனேன்.

"நீ எந்த ஊரு?"

"அத்-பஷி."

"அத்-பஷியில பொறந்துட்டு உனக்குத் தெரியாது?"

அக்கா எனக்காகச் சொன்னாள், கெஞ்சுகிற குரலில்: "படிச்ச பையன் அக்கா."

"படிச்சவனா?" என்றாள் உல்கான். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இப்பவே எடுத்துடறேன். இந்தா, இப்பவே." அக்கா சோபா மேல் தாவி ஏறினாள். புது மெத்தை காலில் சிக்கிக் கீழே விழுந்தது. சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் இறுக்கிய திருகு. "அக்கா இருங்க, நான் கழட்டறேன்" என்று டிரில்லை எடுத்தேன், மின்கலம் தீர்ந்திருந்தது. கைத்திருப்புளியைத் தேடிப் பையைக் கொட்டினேன். அவள் காத்திருக்கவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். முதலில் சுவர்க் காகிதம் நீளமாகக் கிழிந்து வந்தது, பிறகு காரை உதிர்ந்தது. அப்புறம் சட்டத்தின் ஒரு மூலை உடைந்து துணி கிழிந்தது. நாடாப் பூவிலிருந்து காது வரைக்கும். அந்தச் சத்தத்துக்குத் தோலுனாய் வீறிட்டது. தன் காதைப் பொத்திக்கொண்டது.

"பயப்படாதடா, பயப்படாத, சித்தி எடுத்துட்டேன், பாரு, எடுத்துட்டேன்." நகக்கண்ணில் ரத்தத்தோடு அக்கா அதன் பக்கம் கையை நீட்டினாள். பிள்ளை உல்கானின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"வீட்டுக்குப் போலாம்மா."

உல்கான் மேசைக்குப் போனாள். அவ்வளவு நடந்த பிறகும், வந்த வீட்டில் ரொட்டியைத் தொடாமல் எங்கள் ஆட்கள் போக மாட்டார்கள். ஒரு துணுக்கு கிள்ளித் தன் வாயில் போட்டாள். இன்னொரு துணுக்கைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். அழுதுகொண்டே அது மென்றது. அதைப் பார்த்ததும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி தொட்டாயிற்று என்றால் விருந்து முடிந்தது, இனி உட்காரச் சொல்ல முடியாது.

செருப்பில்லாமல் ஐந்து மாடியும் அவர்கள் பின்னாலேயே இறங்கினாள். நானும் ஓடினேன். தெருமுனையில் உல்கானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் வேணாம் அக்கா. ஒரு வருஷம் விடு. பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் விடு. ஒரு மாசம். சரி, இன்னிக்கு ஒரு வேளை சாப்புடட்டும், கறி வெந்துக்கிட்டிருக்கு, அதுக்குன்னே மெலிசா மாவு திரட்டினேன்..."

"கைய விடு அஜார்."

"என்னத் திட்டு. அடி. கோவம் தீர்ற வரைக்கும் அடி."

"எனக்கு உம்மேல கோவமில்ல." உல்கானும் அழுதுகொண்டிருந்தாள். "கோவம்னா போயிடும். எனக்குப் பயம். ராத்திரி இது அந்தச் சுவத்துக்குக் கீழ தூங்குதுன்னு நெனச்சா நான் அங்க உசிரோட இருக்க மாட்டேன்."

கார் வந்தது. தோலுனாய் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள் உல்கான்.

மேலே வந்தபோது பானையில் கறி அடிப்பிடித்திருந்தது. அக்கா அடுப்பை அணைத்தாள். மாவை வெந்நீரில் போட்டு, பரிமாறி, என் முன்னால் ஒரு தட்டு வைத்தாள். "சாப்புடு தம்பி. உன்னக் கூப்புட்டது நான்." நான் சாப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்கு திருகும் இன்னும் அதிலேயே இருந்தன, சட்டத்தின் சிலாம்பு ஒட்டியபடி.

அடுத்த மூன்று வாரம் அவள் உல்கானுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. மௌலவியிடம் போய்ப் பிள்ளைக்கு நீண்ட ஆயுள் வேண்டி ஓதச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினாள். பதில் இல்லை. அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துப் படம் எடுத்து அனுப்பினாள். ஜன்னலுக்குக் கம்பி போட்டு அதையும் அனுப்பினாள். ஆகஸ்ட் பதினேழாம் தேதி பட்டறையில் சொல்லாமல்கூட நாரினுக்குக் கார் ஏறினாள். போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. அன்று காலைதான் அவர்கள் விமானம் ஏறப் பிஷ்கேக் போனார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர்கள் கார் எதிரே எங்கேயோ இறங்கியிருக்கும்.

குபாத் அந்தப் படத்துக்குப் பணம் வாங்க வேண்டாம் என்றார். கல்லாவுக்கு மேலே இருந்த பட்டத்தின் நகலை நான் எடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பட்டம் பொய்யில்லை, அதற்காக என் அப்பா விற்ற குதிரைகளும் பொய்யில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குப் போகும்போது இப்போது முதலில் கேட்கிறேன்: இந்தச் சுவரில் முன்பு யார் இருந்தார்கள்?

அஜார்குல் அக்கா நவம்பரில் ரஷ்யாவுக்குப் போனாள். இப்போது யெகாதெரின்புர்க்கில், ஊருக்கு வெளியே ஒரு தையல் பட்டறையில் ஆறு நாள் வேலை செய்கிறாள். ஏழு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி உல்கான் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை திறந்திருக்கிறார்கள். தோலுனாய் ஏழாம் வகுப்பு படிக்கிறது.